பூவுக்கு யாரால் ஆபத்து?

லிங்கநகர் வாடகை வீட்டில் சாமான் கட்டும் அமளி. அம்மா குசினியில் சட்டி பானைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கௌசிகா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவள் கண்டுபிடித்த புது இனக் காட்டுப் பூவைப் பற்றிய கட்டுரை இன்றே போக வேண்டும். பேராசிரியர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார்.

“கிழங்கு?”

“சின்ன வெங்காயம் அளவு, சேர். முதல் மழைக்கு, இலை வர முந்தியே பூத்திடும். வெள்ளைப் பூ, அடியில ஊதா.”

“வேற எங்கயும் இல்லையோ?”

“தேடிப் பார்த்திட்டன். ஒரு இடிஞ்ச கிணத்தடியில மட்டும்தான். சண்டைக் காலத்தில ராணுவம் கம்பிவேலி போட்டு அடைச்ச காணி. ஆக்கள் கால் வைக்காததாலதான் தப்பியிருக்கு.”

“இப்ப அதுக்கு என்ன ஆபத்து? அதையும் எழுதோணும்.”

“போன மாசம் வேலியை எடுத்திட்டினம். சனம் திரும்பக் குடியேறப் போகுது.”

“ஐயோ! எல்லாத்தையும் வெட்டித் துப்புரவாக்கிப் போடுவினமே. நீர் போய்க் கதைச்சு மறிக்க ஏலாதோ? ஆர் அந்தச் சனம், தெரியுமோ?”

கௌசிகா வாய் திறக்குமுன் அப்பா வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் கண்டதே இல்லை.

“பிள்ளை, லொறி வந்திட்டுது. எங்கட காணிக்குப் போனதும் முதல் வேலை கிணத்தடிப் பத்தை, புல்லு எல்லாத்தையும் வெட்டுறதுதான். கத்தியை எங்க வைச்சனீ?”

“தெரியும் சேர்” என்றாள் கௌசிகா.