ஒரு விரல்கடை

முதலில் வம்புக்கு வந்தது மச்சினிதான். பன்னிரண்டு வருஷமாகியும் டெய்லர் அதை மறக்கவில்லை.

அன்றைக்கு அவர் கடையில் இஸ்திரி போட்டு விரித்திருந்த காக்கி பேன்ட்டை அவள் தூக்கிப் பார்த்தாள். ஒரு கால் இன்னொன்றைவிட ஒரு விரல்கடை குட்டை.

"அத்தான், இதென்ன ஒண்ணரைக்கால் பேன்ட்?" தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.

அவ்வளவுதான். அவர் 'ஒண்ணரைக்கால் டெய்லர்' ஆனார். பழைய வாடிக்கைக்காரர்கள்கூட வேறு கடை தேடிப் போனார்கள். அந்தப் பட்டப்பெயரை அவள் வாயாலேயே திரும்ப வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் வேளை வந்தது.

அவர் மச்சினி வீட்டுக்குப் போனபோது, அவளும் நாலு பெண்களும் வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். நடக்க முடியாத பிள்ளைகளின் இல்லத்துக்கு, இலவசமாக.

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவி ஒன்றை அளந்தார்.

"மூணரை அடி! கால் தெரியுமே! ஏம்மா, தானம்னதும் துணி சுருங்கிப்போச்சா?"

"வாங்க ஒண்ணரைக்கால் டெய்லரே, இதுல உட்காருங்க." அளவு பார்க்க இரவல் வாங்கியிருந்த வீல்சேரை உருட்டி வந்தாள்.

அவர் மடியில் வீட்டிலிருந்த முழுநீளப் போர்வை ஒன்றைப் போட்டு ரெண்டடி தள்ளினாள். நுனி சக்கரத்தில் சிக்கி, அவரையும் சேர்த்து முன்னால் இழுத்தது.

"ஐயோ, நிறுத்தும்மா!"

"போன வருஷம் நீளமாத்தான் தச்சோம் அத்தான். இப்படிச் சிக்கி ஒரு பொண்ணு குப்புற விழுந்து பல்லு போச்சு. அத்தனையையும் திருப்பி வாங்கி, பிரிச்சு, வெட்டி, மறுபடி தச்சோம்."

"எத்தனை?"

"நாப்பத்தி மூணு."

டெய்லர் அந்த மூணரை அடிப் போர்வையை மறுபடி எடுத்துப் பார்த்தார். பார்க்கிறவருக்கு அரைகுறை, உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கச்சிதம். அப்படித் தைக்க எவ்வளவு மனசு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"நகரு தாயி" என்று ஒருத்தியை எழுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் போர்வைக் கட்டுகளை எடுத்துப்போகத் தபால்காரர் வந்து நின்றார். பேன்ட்டின் ரெண்டு நுனியும் ஒரே மாதிரி செருப்பைத் தொட்டன.

"இவரோட பேன்ட்டைத்தானே அன்னிக்குக் கெடுத்தீங்க?" என்றாள் மச்சினி. "இன்னும் உங்ககிட்டயே தைக்கக் கொடுக்கறாரே, பெரிய மனசு!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

தபால்காரர் முகம் வெளுத்தது. "அம்மா, அது வந்து... என்னோட..."

டெய்லர் முந்திக்கொண்டார். "ஆமா, அன்னிக்குக் கை தவறிடுச்சு. கட்டைத் தூக்குங்க சார், நேரமாகுது."

தபால்காரரின் இடது கால் பிறவியிலேயே ஒரு விரல்கடை குட்டை. அது அளவெடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். மச்சினி கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.