பின் சீட்டுக்கு அளவு

மரகதத்தின் மகன் காய்ச்சலில் போனபோது அவனுக்குப் பத்து வயசு. ஆயிற்று, பத்து வருஷம். புருஷன் விட்டுப் போன பழைய புல்லட்டை அவள் மெக்கானிக் சூசையின் ஷெட்டில்தான் நிறுத்தியிருந்தாள். வருஷா வருஷம் மகனின் பிறந்தநாளன்று, கால் அளவுக்கு ஒரு நூலோடு வந்துவிடுவாள்.

"முழங்கால் மடங்குதாம் தம்பி, சீட்டை ஒரு இஞ்ச் ஏத்திரு."

பெற்ற மனசு என்று சூசையும் முகம் சுளிக்காமல் ஏற்றி வைப்பான்.

இந்த வருஷம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "பின்னால ஒரு சீட்டு வேணுமாம். கால் வைக்கிற கம்பி இந்த நூலளவுக்கு இருக்கணுமாம்."

"யாரு அக்கா உட்காரப் போறது?"

"வயசுப் பையன், என்கிட்டயா சொல்லுவான்?"

அவள் போனதும் சூசை நூலை நீட்டி இஞ்ச் டேப்பை வைத்தான். மத்தியானச் சோறு கொண்டு வந்த மகள் ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பையன் இங்கயும் வந்தானாப்பா? இது நான் அளந்து குடுத்த நூலுல்ல?"

"எந்தப் பையன்?"

"குழாயடிக்கு வருவான். புல்லட்ல ஊர் சுத்திக் காட்டுறேன்னான்."

சூசை டேப்பைக் கீழே வைத்தான். "நீ என்னம்மா சொன்ன?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பின் சீட்டு இருந்தா வர்றேன்னேன்."