ஆள் உயரக் குமிழி

"ஆறு டியூப் எடுக்கறேன்யா. விலையைக் குறைச்சுப் போடு. எனக்கு தினமும் வேணும்!"

மருந்துக் கடையே அதிர மெக்கானிக் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வயசு அறுபத்தேழு. பேரம், ஆணுறைப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிற வழவழ ஜெல்லுக்கு.

பின்னால் பிரஷர் மாத்திரைக்கு நின்றிருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அங்கேயே பிரஷர் எகிறிவிட்டது. மெக்கானிக்கோட மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. மூணாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிற மனுஷனுக்கு ஆறு டியூப்பா?

ராத்திரிக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

"குடும்பங்க இருக்கற இடம் பெரியவரே. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார் செயலாளர்.

"எதுக்குய்யா?"

"அதை வேற என் வாயால சொல்லணுமா? ஆறு டியூப்!"

"ஏழு. ஒண்ணு பேரம் பேசி சும்மா வாங்கினது."

"கருமம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் இரண்டாவது மாடி டீச்சர்.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காலி பண்ணச் சொல்ல வாய் இருக்கே, எதுக்கு வாங்கினேன்னு கேக்க ஒருத்தருக்காவது வாய் இருந்துச்சா? வாங்கய்யா மொட்டை மாடிக்கு!"

மேலே ஒரு வாளி சோப்புத் தண்ணீர். இரண்டு குச்சி, நடுவே நூல்.

"ஆள் உயரத்துக்கு சோப்புக் குமிழி விடறேன்னு மச்சான்கிட்ட பந்தயம். தோத்தா மீசையை எடுக்கணும். தண்ணி கெட்டியா இருந்தாத்தான் குமிழி பெருசாகும். சோள மாவு போட்டேன், அடியில படுத்துக்கிச்சு. சர்க்கரைப் பாகு ஊத்தினேன், எறும்புக்குத்தான் விருந்து. ஐஸ்கிரீம்ல போடற பசைப் பொடி, கட்டி கட்டியா நின்னுச்சு. கடைசில இந்த ஜெல்தான் மானத்தைக் காப்பாத்துச்சு. தினமும் கரைச்சுப் பழகிட்டிருக்கேன்."

நூலை நனைத்து, குச்சிகளை விரித்தபடியே பின்னால் நடந்தார்.

குமிழி நெளிந்து, வளைந்து, அவரை விட உயரமாக எழுந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, செயலாளரின் மூக்கில் மோதி உடைந்தது.

கைதட்டல் அடங்கவே நேரமானது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானத்தைச் செயலாளரே கிழித்துப் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே. தப்பா நெனச்சுட்டோம். எங்க புத்தி அப்படி."

அடுத்த சனிக்கிழமை. செயலாளர் மருந்துக் கடைக்கு வந்தார். முன்னே பின்னே ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"அந்த ஜெல் ஒண்ணு குடுப்பா. குமிழி விடத்தான்."

கடைக்காரர் டியூப்பைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"இந்த வாரத்துல நீங்க பதினோராவது ஆள் சார். உங்க கட்டடத்துல இத்தனை பேர் குமிழி விடறீங்க, வானத்துல ஒண்ணையும் காணோமே!"