எனக்கும் சேர்த்து

அலிப்பூர் கோர்ட் வராந்தாவில் புது ஜூனியர் கையிலிருந்த மனுவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். வக்கீல் சைதன்யாவுக்குத் தன் முதல் நாள் ஞாபகம் வந்தது.

“பயப்படாதீங்க. வாய்தாதான் கேக்கப் போறீங்க, குரலைத் தாழ்த்தாதீங்க. பெரிய வக்கீல் யாராவது டீ வாங்கிட்டு வரச் சொன்னா?”

“‘எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வாங்க’ன்னு சொல்லணும், மேடம்.”

சைதன்யா சிரித்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கையில் டீக் குவளைகளோடு இதே வராந்தாவில் அழுதுகொண்டு நின்ற அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தது, கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்த ராமாயி.

உள்ளே வழக்கைக் கூப்பிட்டார்கள். சைதன்யா புது ஜூனியரின் நரைத்த முடியை ஒதுக்கி, கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள்.

“போங்க, ராமாயி அக்கா. இருபத்தஞ்சு வருஷமா அடுத்தவங்க பேச நீங்க டைப் அடிச்சீங்க. இன்னைக்கு நீங்க பேசுங்க.”