நூற்று ஐம்பத்து மூன்று கன மீட்டர்

"இருபத்து மூணு நாள்ல நூத்தி ஐம்பத்து மூணு கன மீட்டர் தண்ணியா? வீட்டுக்குள்ள நான் என்ன திமிங்கிலமா வளர்க்கறேன்?"

ஐனார்ஸ் பில்லை மேஜை மேல் வீசினான்.

ரூதா தன் காபிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு அவள்தான் பொறுப்பு. மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் மீட்டரைப் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதி, வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவள் அதை நோட்டில் ஏற்றுவாள்.

"நானூத்தி ஐம்பத்தொன்பது யூரோ. சரியாத்தானே இருக்கு தம்பி."

"எது சரி அக்கா?"

"போன மாசம், உங்களுக்கு வீட்டை வித்த வெல்தாம்மா எழுதிப் போட்டது 712. இந்த மாசம் நீங்க எழுதிப் போட்டது 865. கழிச்சுப் பாருங்க."

"நான் மீட்டர்ல என்ன இருந்ததோ அதை எழுதினேன்."

"அந்தம்மா அப்படி எழுதல போல. மீட்டர் கழிவறைத் தொட்டிக்குப் பின்னால இல்ல இருக்கு? முழங்கால் மடங்காது, பார்வையும் மங்கல். ஆறு வருஷமா மாசம் ரெண்டு ரெண்டுன்னு குத்துமதிப்பாப் போட்டுட்டு வந்திருப்பாங்க. இங்க பாதிப் பேர் அப்படித்தான். நானும் யாரையும் கேட்டதில்ல."

ஐனார்ஸுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பதினான்கு வயதில் துக்கும்ஸ் சந்தையில் பழைய டயர் உருட்ட வந்தவன் அவன். இத்தனை வருடத்தில் ஏமாந்தது இரண்டே முறை. அந்த இரண்டு பேர் பெயரும் இன்னும் மறக்கவில்லை.

"ஆறு வருஷம் அந்தக் கிழவி குளிச்ச தண்ணிக்கு நான் காசு கட்டணுமா?"

"பில்லு வீட்டுக்குத்தானே வருது, ஆளுக்கா வருது?"

"விடமாட்டேன். மக வீட்டுல காலை நீட்டிட்டு உக்காந்திருக்குல்ல, கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

"எண்பத்தொரு வயசு, தம்பி."

"செஞ்ச வேலையைப் பாத்தா அப்படித் தெரியலையே."

ரூதா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "வீட்டை மட்டும் சல்லிசா வாங்கிட்டதா சந்தை முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களாமே."

அந்தக் கோபத்திலும் ஐனார்ஸின் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"பின்ன? விளம்பரத்துல பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. உள்ள போனேன். சமையலறை ஜன்னல்ல ஒரு விரிசல். ஒரு வார்த்தை பேசல. அதைப் பாத்து ஒரு உச்சு கொட்டினேன். 'பத்தொன்பதாயிரம் குடுங்க'ன்னுச்சு. ஒரு உச்சுக்கு ஐந்நூறு யூரோ. எவன் செய்வான்?"

"ஏன் குறைக்கறீங்கன்னு கேக்கலையா?"

"அதுவா என்னமோ சொல்ல வந்துச்சு. நான் விடுவேனா? விலை இறங்கின பிறகு விக்கறவங்களைப் பேச விடக்கூடாது அக்கா. பேச விட்டா மறுபடி ஏத்திடுவாங்க. கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு எழுந்துட்டேன்."

அந்த ஐந்நூறு இப்போது அவன் கூடத்தில் பழுப்பு நிறத் தோல் சோபாவாகக் கிடந்தது. பில் கட்டக் கையில் இருந்ததெல்லாம், குளிர்காலத்துக்கு டயர் எடுக்க வைத்திருந்த பணம்தான். அதைத் தொட்டால் நவம்பரில் கடையில் விற்க ஒன்றும் இருக்காது.

"கோர்ட்டுன்னா ஆதாரம் கேப்பாங்களே" என்றாள் ரூதா. "சாவி வாங்கறப்ப ஏதாவது எழுதி வாங்கினீங்களா?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் வெளியே வந்தது. "பல்பு வரைக்கும் எழுதித் தந்தாத்தான் சாவியைத் தொடுவேன்னு பிடிவாதமா உக்காந்துட்டேன். படிங்க."

ரூதா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"அடுப்பு ஒண்ணு. திரைச்சீலைக் கம்பி ரெண்டு. பல்பு ஏழு, அதுல ஒண்ணு எரியாது…"

"பாத்தீங்களா? எரியாததையும் எழுத வெச்சேன்."

"சாவி மூணு. கீழ உங்க கையெழுத்து, அந்தம்மா கையெழுத்து." அவள் விரல் காகிதத்தின் ஓரத்தில் நின்றது. "இங்க ஒரு அம்புக்குறி போட்டிருக்கே?"

"பேனா ஏதாவது இழுத்திருக்கும்."

ரூதா காகிதத்தைத் திருப்பினாள். மறுபக்கம் முழுக்கப் பெரிய பெரிய எழுத்து, நடுங்கி நடுங்கி.

"பின்னால பாக்கலையா தம்பி?"

"பல்பு எண்ணிட்டிருந்தேன். என்ன போட்டிருக்கு?"

அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'தம்பிக்கு. நேரில் சொல்ல வந்தேன், உங்களுக்கு அவசரம். வீட்டை விற்பதற்கு முன் மருமகன் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தார். 862 காட்டுகிறது. நான் எழுதி வந்தது 712. என் கணக்கில் விட்டுப்போன 150 கன மீட்டருக்காக, வீட்டு விலையில் 450 யூரோ கழித்திருக்கிறேன். பில் பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம்.'"



ரூதா பில்லையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "நானூத்தி ஐம்பது அந்தம்மாவோடது. அதை உங்க கையில குடுத்துட்டாங்க. ஒன்பது யூரோ மட்டும் நீங்க குளிச்சது."

ஐனார்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்காருகிறான். உதடு மெல்ல அசைந்து எதையோ கூட்டிக் கழித்தது. பிறகு கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம்.

"ஐந்நூறுல நானூத்தி ஐம்பது போனா மிச்சம் ஐம்பது இருக்கே அக்கா. அதாவது நான் உச்சு கொட்டிக் குறைச்சது?"

ரூதா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தின் அடியைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு தம்பி. 'சமையலறை ஜன்னல் விரிசலுக்கு, ஐம்பது.'"