ஏழாம் நம்பர்

“ஏழாம் நம்பர், பேசக் கூடாது. குண்டு விழுந்து உங்களுக்கு நினைவு தப்பியாச்சு.”

“நினைவு தப்புனவளுக்கு மூக்கு அரிக்கலாமா, வார்டன் சார்?”

சாலமோன் சுற்றுமுற்றும் பார்த்தான். தூக்கும்போது விழாமல் இருக்க, அவள் கைகளையும் சேர்த்து ஸ்ட்ரெச்சரோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். பேனா மூடியால் அவள் மூக்கை மெல்லச் சொறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விறைப்பாக நின்றுகொண்டான்.

எல்லையில் சண்டை என்று நாலு நாளாக டிவியில் ஒரே கூப்பாடு. அதனால் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ரோட்டோரம், ஒரு மைதானத்தில் கூடாரம் போட்டுப் போர்க்கால ஆஸ்பத்திரி ஒத்திகை. காயம்பட்டவர்களாகப் படுக்க ஆள் கிடைக்காமல், சிவில் டிஃபென்ஸில் தொண்டர்களாகச் சேர்ந்த வார்டன்களே தெரிந்தவர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். ‘உள்ள வந்துட்டா பேர் கிடையாது, உறவு கிடையாது, நம்பர் மட்டும்தான்’ என்று ஆபீசர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பத்து மணிக்கு வருகிறேன் என்று போனவர் ஒரு மணி ஆகியும் வந்தபாடில்லை.

கூடாரத்துக்குள் அனல். நர்ஸ் ஷெர்லின் கொட்டாவி விட்டபடி போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தொங்கிய சலைன் பாட்டிலில் இருந்தது குழாய்த் தண்ணீர். அங்கே நிஜமாக வேலை பார்த்தது ஈக்கள் மட்டும்தான்.

மீன் விற்கும் முத்தம்மாவுக்குச் செத்தவள் வேஷம். கால் கட்டைவிரலில் கறுப்பு அட்டை கட்டி, மூலையில் ஒரு பாயில் போட்டிருந்தார்கள். பிணத்துக்குப் பட்டை எதற்கு என்று அவளை மட்டும் கட்டவில்லை.

“இன்னா நைனா, பொணத்துக்கு டீ கீ கெடயாதா?” என்றாள் அவள்.

“பொணம் வாயத் திறக்கப்படாதுக்கா.”

“நெசமாவே குண்டு விழுந்தா என்ன செய்வீங்க, வார்டன் சார்?” ஏழாம் நம்பர் மறுபடியும் ஆரம்பித்தாள்.

வாய்ச்சவடாலில் சாலமோன் குறை வைக்கிற ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே பாத்திரக்கடை போட்ட நாளிலிருந்தே, தைரியமான ஆள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று ஆசை. வார்டன் சட்டை கைக்கு வந்ததும், குக்கர் வாங்க வந்தவர்களைக்கூட நிறுத்தி வைத்து வீரம் பேசினான்.

“உங்களக் கெட்டிப் போட்டது நான். அவுத்து விடாம ஒரு அடி நகருவேனா? எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கடைசியாப் போறவந்தான் வார்டன்.”

“அது போதும்,” என்று சிரித்துக்கொண்டே அவள் கண்ணை மூடினாள்.

படாரென்று ஒரு சத்தம். கூடாரத் துணி அதிர்ந்தது. அடுத்தது இன்னும் பெரிதாக. வாசல் பக்கம் குப்பென்று புகை.

ஷெர்லின் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளை முந்திக்கொண்டு, கழுத்தில் விசில் ஊசலாட, சாலமோன் ஓடினான். “வார்டன் சார், வார்டன் சார்” என்று பின்னாலிருந்து இரண்டு முறை குரல் வந்தது. மூன்றாம் முறை அந்தக் குரல் வார்டன் சார் என்று கூப்பிடவில்லை. அதுவும் அவன் காதில் நன்றாகவே விழுந்தது. கால்தான் நிற்கவில்லை. மைதானத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டான்.

கையை எடுத்தபோது மேளம் கேட்டது. ரோட்டில் பூ ஜோடித்த பாடை ஒன்று சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நாலு பேர் ஆட, ஒருவன் அடுத்த வெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தான். சாவு வெடி. அவன் கடை வாசலில் வாரத்துக்கு நாலு தடவை கேட்கிற சத்தம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, அவசரமாகப் போன் பேசப் போனவன்போல் போனைக் காதில் வைத்தபடி திரும்பி வந்தான். மறுமுனையில் யாரும் இல்லை.

கூடாரத்தில் காயம்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாவு வெடிக்கா இந்த ஓட்டம்?” என்றாள் முத்தம்மா. “உசுரோட கீறவங்கோ ஓடிப் பூட்டீங்கோ. பொணந்தான் எய்ந்து வந்து எல்லாத்தியும் அவுத்து வுட்ச்சு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “ஏழாம் நம்பர மட்டும் நான் தொடல நைனா. அத்த நீயே போய் அவுரு.”

சாலமோன் போய்ப் பட்டையை அவிழ்த்தான். இழுத்து இழுத்துப் பார்த்ததில் அவள் மணிக்கட்டு சிவந்து கன்றிப்போயிருந்தது.

“தண்ணி வேணுமா?”

“வேண்டாம்.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் ஒண்ணும் பாக்கல, வார்டன் சார். எனக்குத்தான் நினைவு தப்பிப் போச்சே.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆபீசர் இரண்டு மணிக்கு வந்து, கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்து, போட்டோ எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது ஏழாம் நம்பரிடம், “வார்டன் நல்லாப் பாத்துக்கிட்டாராம்மா?” என்று கேட்டார்.

“பக்கத்துலேயே இருந்தாருங்க சார்.”

முத்தம்மா குனிந்து கட்டைவிரல் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கைகுலுக்க நீண்ட ஆபீசரின் கையைச் சாலமோன் கூசிக் குறுகித் தொட்டுவிட்டு, வார்டன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

ஸ்கூட்டரைக் கிளப்பினான். ஏழாம் நம்பர் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷமும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே வந்த ஜெஸ்லின், இன்று சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.