மூலையில் ஒரு பூங்கொத்து

“இன்னைக்கு உன்னை முழுங்கப் போறேன் சிகுசா, தெரியும்ல?” என்று சிரித்தார் குரோய்வா.

சிகுசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டோக்கியோவின் அந்த ஒலிப்பதிவுக் கூடத்து மூலையில் ஒரு பூங்கொத்து இருந்தது. அனிமே என்னும் அந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் யாருடைய பாத்திரம் முடிகிறதோ, அந்தக் குரல் நடிகருக்குப் பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

குரோய்வா குரல் கொடுக்கும் இயந்திர மனிதன் மற்ற இயந்திரங்களை விழுங்கி விழுங்கித்தான் பலம் ஏற்றிக்கொள்வான். விழுங்கப்பட்ட எல்லோரும் பூவோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம், சிகுசா பேசும் பெண் இயந்திரம் மட்டும்தான்.

“எனக்கு இதை விட்டா வேற வேலை இல்ல, குரோய்வா சார்.”

“அப்போ நல்லா அலறு. கேட்டுட்டு வேற யாராவது கூப்பிடுவாங்க.”

பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. சிகுசா அலறிய அலறலில் நடிப்பு கொஞ்சம்தான் இருந்தது. குரோய்வா ரசித்து விழுங்கினார்.

கதை வெளியே கசியக் கூடாதென்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த கடைசிப் பக்கத்தோடு டைரக்டர் நெசு உள்ளே வந்தார். மூலையிலிருந்த பூங்கொத்தையும் எடுத்தார். சிகுசா தலைகுனிந்து, கைகளை நீட்டினாள்.

அவர் அவளிடம் கொடுத்தது கடைசிப் பக்கத்தை.

“அவனுக்கு இப்போ முழு பலம் வந்தாச்சு. உருவம் மாறுது, குரலும் மாறுது. கடைசியா முழுங்கின பொண்ணோட குரல்லதான் இனிமே பேசுவான்.”

பிறகு குரோய்வாவின் பக்கம் திரும்பி, பூங்கொத்தை இரு கைகளாலும் நீட்டினார்.

“இத்தனை நாள் ரொம்ப உழைச்சீங்க.”

குரோய்வா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.